உதவி கேட்க வேண்டிய நேரம் எது?



உங்களில் ஒருவர் பின்வரும் கணக்கைச் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

"ஒரு செங்கோண முக்கோணியின் செம்பக்கம் 13 செ.மீ. மற்றொரு பக்கம் 5 செ.மீ. மூன்றாவது பக்கத்தின் நீளத்தைக் காண்க."

பைதகரசின் தேற்றம் உடனே ஞாபகத்துக்கு வருகிறது. 13இன் வர்க்கம் 169. 5இன் வர்க்கம் 25. இரண்டையும் கூட்டினால் 194. ஆனால் 194இன் வர்க்கமூலம் முழு எண்ணாக வரவில்லை. பெருக்கலைச் சரிபார்க்கிறார், சரி. கூட்டலைச் சரிபார்க்கிறார், அதுவும் சரி. அழித்துவிட்டு மீண்டும் செய்கிறார். மீண்டும் 194. அரை மணித்தியாலம் போய்விடுகிறது.

பிழை அவர் தேடிய இடத்தில் இல்லை. செம்பக்கத்தின் வர்க்கம்தான் மற்றைய இரு பக்கங்களினதும் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன். ஆகவே 169இலிருந்து 25ஐக் கழிக்க வேண்டும். வருவது 144, விடை 12 செ.மீ. அருகில் இருந்து பார்க்கும் ஒருவருக்கு இது ஒரு நிமிட வேலை. செய்தவருக்கோ தான் முதலில் எடுத்த முடிவு சரியென்ற நம்பிக்கை. அதனால் அவர் கண் அந்த இடத்தில் நிற்பதேயில்லை.

1. தனியே முயல்வதும் அவசியம்

கணக்கைக் கண்டவுடனேயே கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் ஓடுவது நல்ல பழக்கமன்று. நீங்களாகவே போராடிப் பெற்ற விடைதான் மனத்தில் நிலைக்கும். ஆனால் முயற்சி வேறு, ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வது வேறு. பின்வரும் மூன்று அடையாளங்களையும் கவனியுங்கள்.

(அ) ஒரே வழியில் மூன்று தடவை செய்தும் அதே இடத்தில் நிற்கிறீர்கள்.
(ஆ) பாடநூலில் உள்ள உதாரணத்தையும் உங்கள் குறிப்பையும் பார்த்த பின்பும் புதிய வழி எதுவும் தோன்றவில்லை.
(இ) அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை.

இம்மூன்றும் சேர்ந்துவிட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தாலும் பயன் குறைவு. அதுவே கேட்க வேண்டிய நேரம்.

2. ஒரு மேதையின் கதை

பைதகரசின் தேற்றத்தை ஒட்டியே ஒரு புகழ்பெற்ற பிரச்சினை எழுந்தது. 9உம் 16உம் வர்க்க எண்கள். அவற்றைக் கூட்டினால் 25. அதுவும் வர்க்க எண். ஆனால் இரண்டு கன எண்களைக் கூட்டி இன்னொரு கன எண்ணைப் பெற முடியுமா? நாலாம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என்று மேலே போனாலும் நேர் முழு எண்களில் இது ஒருபோதும் முடியாது என்று பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் பெர்மா 1637ஆம் ஆண்டளவில் குறித்து வைத்தார். பொதுவான நிறுவலை அவர் எழுதிவைக்கவில்லை. 350 ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் அதை முழுமையாக நிறுவ முடியவில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ வைல்ஸ் பத்து வயதில் ஒரு நூலகத்தில் இந்தப் பிரச்சினையைப் படித்தார். 1986இல், பேராசிரியராக இருந்தபோது, இரகசியமாக அதில் இறங்கினார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தனியே உழைத்து, 1993 யூன் மாதம் கேம்பிரிட்ஜில் தமது நிறுவலை அறிவித்தார். உலகமே பாராட்டியது. ஆனால் நிறுவலைப் பரிசீலித்த சக பேராசிரியர் ஒருவர் ஒரு படியைப் பற்றி விளக்கம் கேட்டார். அங்கே ஓர் ஓட்டை இருந்தது. ஏழு ஆண்டுகள் பார்த்த கண்ணுக்குத் தெரியாதது, புதிதாகப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது.

வைல்ஸ் சில மாதங்கள் தனியாகவே போராடினார். முடியவில்லை. 1994 ஜனவரியில் றிச்சர்ட் ரெய்லர் என்பவரை உதவிக்கு அழைத்தார். அவர் யார் தெரியுமா? வைல்சிடமே படித்த பழைய மாணவர்! தன் மாணவனிடம் உதவி கேட்க அந்த ஆசிரியர் வெட்கப்படவில்லை. இருவரும் மாதக்கணக்காக உழைத்தனர். 1994 செப்ரெம்பரில் தீர்வுக்கான வழி வைல்சின் மனத்திலேயே தோன்றியது. நிறுவல் 1995இல் வெளியானது. ஒரு கட்டுரை வைல்சின் பெயரிலும் மற்றையது இருவரின் பெயரிலும் வந்தன.

உதவி கேட்டதால் வைல்சின் பெருமை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

3. எப்படிக் கேட்பது?

"சேர், இந்தக் கணக்கு விளங்கேல்லை" என்று மட்டும் சொன்னால் ஆசிரியர் முழுக் கணக்கையும் கரும்பலகையில் செய்துகாட்டுவார். நீங்களும் பார்த்து எழுதுவீர்கள். உங்கள் பிழை உங்களிடமே இருக்கும். பதிலாக இப்படிக் கேளுங்கள்:

"சேர், செம்பக்கமும் ஒரு பக்கமும் தந்திருக்கு. நான் வர்க்கங்களைக் கூட்டினனான், 194 வருது. எந்தப் படியில பிழை விட்டிருக்கிறன்?"

இதற்காக, பிழையான செய்கையை அழிக்காமல் வைத்திருங்கள். அதுதான் வைத்தியரிடம் காட்டவேண்டிய நோவு.

ரியூசனுக்குப் போக வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இடைவேளையில் பாடசாலை ஆசிரியரைக் கேட்கலாம். அயலில் உயர்தரம் படிக்கும் அக்காவையோ அண்ணாவையோ கேட்கலாம். உங்களோடு படிக்கும் நண்பரையும் கேட்கலாம்.

4. கேட்ட பின்பு

விளக்கத்தைக் கேட்டதும் கொப்பியை மூடிவையுங்கள். அதே கணக்கை எதையும் பாராமல் நீங்களே செய்யுங்கள். மறுநாள் அதே வகையான இன்னொரு கணக்கைச் செய்யுங்கள். அப்போதுதான் பெற்ற உதவி உங்கள் சொந்த அறிவாகும். பரீட்சை மண்டபத்தில் யாரையும் கேட்க முடியாது. அங்கே ஒரு வினா மறித்தால் அதை விட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். நேரமிருந்தால் திரும்பி வாருங்கள். கேட்கக்கூடிய காலம் இப்போதுதான்.

இறுதியாக ஒன்று. நான் கலைப் பட்டதாரி. சாதாரண தரத்தில் கணிதம் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. கடைசி வாங்கில் இருந்துகொண்டு எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டுவேன். கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். முதல் தடவை கணிதத்தில் சித்தியடையவில்லை. அடுத்த வருடம், என்னைவிட இரண்டு வயது இளைய ஒரு தம்பியிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். அவன் சிரிக்கவில்லை. என் பிழைகளைத் தன் பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டமிட்டுக் காட்டினான். சித்தியடைந்தேன். பயத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு வருடம். நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

செயற்பாடு: உங்கள் கணிதக் கொப்பியில் இடையில் நின்றுபோன மூன்று கணக்குகளைத் தெரிவுசெய்க. ஒவ்வொன்றும் எந்தப் படியில் நின்றது என்பதை ஒரு வசனத்தில் எழுதுக. அவ்வசனங்களுடன் நாளைக்கே ஆசிரியரைச் சந்திக்க.