வேன் வாடகையைப் பங்கு போட்டால் மிச்சமா?

வீட்டு வரவு செலவு - 17

முழு ஆண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் வேலை தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், சின்னமனூர், போடி என எந்த ஊரை எடுத்தாலும் திட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு குமுளி வழியாக மலையேறுவது, விடிந்ததும் ஒரு கோயில், பகலில் கொச்சி தீம் பார்க், சாயங்காலம் கடற்கரை, மறுநாள் குருவாயூர், நேரம் இருந்தால் அதிரப்பள்ளி அருவி. பன்னிரண்டு பேர் ஏறினால் வாடகை பன்னிரண்டாகப் பிரியும். எனவே ஆள் சேரச் சேர மிச்சம், இடம் கூடக் கூட லாபம் என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. கோயில் சுற்றுலாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று சென்ற வாரம் பார்த்தோம். சந்நிதியில் அரைமணி நேரம் நின்றவருக்கும் ஐந்து நிமிடம் நின்றவருக்கும் கிடைப்பது ஒரே தரிசனம்தான். தீம் பார்க்குக்கும் இதே கணக்கைப் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பணம் கரைகிறது. சிக்கனம் என்று நினைத்துச் செய்கிற அந்த வேன் பயணம், பலருக்கு இருப்பதிலேயே செலவு கூடிய வழியாக முடிகிறது.

காரணம், நுழைவுச்சீட்டு விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கட்டணம் என்றுதான் வைத்திருந்தார். 1961இல் டெக்சாஸில் தொடங்கிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா வாசலிலேயே ஒரே தொகையை வாங்கிக்கொண்டு, உள்ளே எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளுங்கள் என்றது. டிஸ்னிலேண்டும் 1982இல் ரைடு கூப்பன்களைக் கைவிட்டு அந்த வழிக்கே வந்தது. கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சி அருகே வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி இன்று வொண்டர்லாவாக இருக்கும் பூங்கா உட்பட, நம் பக்கத்துப் பெரிய பூங்காக்களும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கின்றன. பழைய முறையைப் பார்க்க வேண்டுமென்றால் தேனிக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் திடலுக்குள் நுழையக் காசு கிடையாது. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட். பேரன் மேலே சுற்றுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பத்தாவுக்கு அங்கே செலவே இல்லை. தீம் பார்க்கிலோ, வேடிக்கை பார்க்கிற அப்பத்தாவும் ராட்சத ரயிலில் பத்துமுறை ஏறுகிற கல்லூரிப் பையனும் ஒரே வாசலில் ஒரே மாதிரித் தொகையைக் கட்ட வேண்டும். மூத்தவர்களுக்குச் சில பூங்காக்கள் ஓரளவு தள்ளுபடி தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்திருப்பதற்கென்று தனி விலை கிடையாது.

அப்படியானால் அந்தச் சீட்டு விற்பது விளையாட்டை அல்ல, சில மணி நேரத்தை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவருக்கு அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீம் பார்க் அனுமதிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2017இல் 28ஆக இருந்தது, 2018 ஜனவரியில் குறைத்தார்கள். வரியோடு 1,180 ரூபாய். பூங்கா காலை பதினொன்றுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுகிறது என்றால் ஏழு மணி நேரம். உடை மாற்ற, சாப்பிட, பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க இரண்டு மணி நேரம் போனால் மிச்சம் ஐந்து. கூட்டமில்லாத நாளில் வரிசையில் நிற்பதும் ஏறி இறங்குவதும் சேர்த்து ஒரு ரைடுக்கு இருபது நிமிடம் ஆனால் பதினைந்து ரைடு. ஒன்றுக்கு ஏறக்குறைய 79 ரூபாய். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அதே ரைடுக்கு ஐம்பது நிமிடம் ஆனால் ஆறு ரைடு. ஒன்றுக்கு 197 ரூபாய். வழியில் கோயிலை முடித்துவிட்டுப் பகல் ஒன்றரைக்கு வேன் வந்து சேர்ந்து, கைக்கு இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சியது என்றால் மூன்று ரைடு. ஒன்றுக்கு 393 ரூபாய். டிக்கெட் விலையில் ஒரு பைசா மாறவில்லை, வாங்கிய பொருள் மட்டும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. விடுமுறை நாளில் பல பூங்காக்கள் டிக்கெட் விலையையும் கூட்டுகின்றன என்பது இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இந்தத் தொகையின் கனம் தெரிய வேண்டுமானால் கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2025-26இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்த அளவுகோலில் ஒரு பெரியவருடைய சீட்டு மூன்றரை நாள் உழைப்பு. கணவன், மனைவி, அப்பத்தா, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தலைக்கு 940 ரூபாய் என்றால் வாசலிலேயே 5,420 ரூபாய், அதாவது பதினாறு நாள் கூலி. திராட்சைத் தோட்டத்திலோ ஏலக்காய் எஸ்டேட்டிலோ கிடைக்கும் கூலி இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அப்போதும் ஒரு வாரத்து உழைப்பையாவது வாசலில் எண்ணி வைக்க வேண்டியிருக்கும்.

ஆள் சேரச் சேர மிச்சம் என்ற வாதத்துக்கு வருவோம். இரண்டு நாள் வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, கேரள பெர்மிட் எல்லாம் சேர்ந்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு பேர் என்றால் தலைக்கு 2,182; பன்னிரண்டாவதாக ஒரு சித்தி சேர்ந்தால் தலைக்கு 2,000. மற்ற பதினொரு பேருக்கும் ஆளுக்கு 182 ரூபாய் குறைந்தது. ஆனால் சித்தி 2,000 ரூபாய் வேனுக்கும், 1,180 ரூபாய் ஏறப்போகாத ராட்டினத்துக்கும், அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் கொடுக்கிறார். குடும்பம் முழுவதையும் ஒரே பையாக நினைத்தால் பையிலிருந்து போன பணம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பங்கு பிரிப்பது செலவைப் பரப்புகிறது, அவ்வளவுதான். வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் வரட்டும். வேனில் சீட்டு காலியாக இருக்கிறது என்பதற்காக ஆள் தேடுவதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சுற்றுலாவே எல்லாரும் சேர்ந்திருப்பதற்குத்தானே, ரைடுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்க்கவா போகிறோம்? நியாயமான கேள்வி. ஆனால் சேர்ந்திருப்பதற்கு தீம் பார்க் மோசமான இடம். உயரத்துக்கும் வயதுக்கும் துணிச்சலுக்கும் ஏற்ப அது குடும்பத்தை வாசலிலேயே நாலாகப் பிரித்துவிடுகிறது. பெரியவர்கள் மரநிழலில் பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். சேர்ந்திருக்க வைகை அணைப் பூங்கா இருக்கிறது, சுருளி இருக்கிறது, கும்பக்கரை இருக்கிறது. ஆற்றில் நீர்வரத்து கூடி வனத்துறை குளிக்கத் தடை போடாத நாளாகப் பார்த்துப் போனால், மூன்று தலைமுறையும் ஒரே தண்ணீரில் நனையலாம். ஒரு நாள் அப்படி எல்லாருமாக. இன்னொரு நாள் ஏறப்போகிறவர்கள் மட்டும் தீம் பார்க்குக்கு. இரண்டு நாள் செலவையும் கூட்டினாலும் ஒரு வேன் டூருக்குக் கீழேதான் நிற்கும். சுருளி இருக்கும்போது தீம் பார்க் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். அருவி தருவது வேறு, தலைகீழாகத் தூக்கிப் போடுகிற எந்திரம் தருவது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கடிக்க முடியாது.

எங்கே போவது? நேரம்தான் சரக்கு என்றானபின் தூரத்துக்கும் விலை வந்துவிடுகிறது. தேனியிலிருந்து கொச்சி ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அதிலும் பெரும்பகுதி மலைப்பாதை. போடிமெட்டு வழியாகப் போனால் மூணாறைத் தாண்டி இறங்க வேண்டும், குமுளி வழியாகப் போனால் பீர்மேட்டைத் தாண்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இரவெல்லாம் குலுங்கி, இரண்டு முறை வாந்தி எடுத்த பிள்ளை காலையில் ராட்டினத்தில் ஏறாது. முதன்முறை போகிற குடும்பத்துக்கு மதுரை பரவையில் உள்ள அதிசயம் பூங்காவே போதும் என்பது என் கருத்து. கொச்சி அளவுக்குப் பெரிய ரைடுகள் அங்கே இல்லை என்பார்கள். சரிதான், ஆனால் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளை அந்தப் பெரிய ரைடுகளில் பலவற்றில் ஏற்றவும் மாட்டார்கள். தேனி பென்னிகுவிக் பேருந்து நிலையத்தில் ஏறினால் மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கலாம்; பரவை அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம்தான். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பலாம், லாட்ஜ் செலவு இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து, பெரிய ரைடுதான் வேண்டும் என்கிற வீடுகளுக்குக் கொச்சி சரி. அங்கே முந்தின நாள் பகலிலேயே போய் இரவு தங்கி, காலையில் பூங்கா திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். ஒரு ராத்திரி அறை வாடகை ஐந்து டிக்கெட்டுகளின் பாதி நாளைக் காப்பாற்றுகிறது. சென்னைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவையும் யோசிக்கலாம். 2010இன் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில் 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது. சென்னைக்கு வாரம் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது. படுத்துக்கொண்டே போவதால் இரண்டு ராத்திரி தங்கும் செலவு மிச்சம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரை. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, விடுமுறை நாள் என்றால் அன்றைக்கே போட்டுவிட வேண்டும்.

எந்த நாள் என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. கொச்சிக்குப் போகிறவர்கள் நம் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்க்கிறார்கள், அங்கே வரிசையை நீளமாக்குவது கேரளப் பிள்ளைகளின் விடுமுறை. 2023இல் கேரளப் பள்ளிகள் ஜூன் 1 அன்று திறந்தன; வெயிலின் காரணமாக இங்கே பள்ளி திறப்பு 12ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. 2024இல் அங்கே ஜூன் 3, இங்கே 10. அந்த இடைவெளியில் நம் பிள்ளைகளுக்கு லீவு, அவர்கள் வகுப்பில். 2025இல் இரு பக்கமும் ஜூன் 2 என்பதால் அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தேதி அறிவித்தபிறகே இதைத் தீர்மானிக்க முடியும். ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். தூறலில் பெரும்பாலான விளையாட்டுகள் ஓடும். இடி மின்னல் வந்தால் உயரமானவற்றை நிறுத்திவிடுவார்கள். மேயில் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசை நிற்பதைவிட ஜூனில் அரைமணி நேரம் கூரைக்குக் கீழே ஒதுங்குவது தேவலாம்.

வார நாளில் போகச் சொல்வது மாதச் சம்பளக்காரர்களுக்கு எளிது. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது இரண்டு பேரின் கூலியை இழப்பது. 336 ரூபாய்க் கணக்கிலேயே 672 ரூபாய். ஞாயிறு டிக்கெட்டின் கூடுதல் விலை எல்லாருக்கும் சேர்த்து இதைவிடக் குறைவென்றால், கையிலிருக்கும் காசுக்கு ஞாயிறே மேல். நீண்ட வரிசையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே யோசனை சொல்லும் பட்டியல்கள் இந்த இடத்தைப் பேசாமல் தாண்டிப் போய்விடுகின்றன.

மிச்சமிருப்பது சில்லறைச் செலவுகள், ஆனால் சில்லறைதான் சேர்ந்து ஆயிரமாகிறது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகப் பெரிய பூங்காக்கள் விடுவதில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை வாசலுக்கு வெளியே பத்து மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால், மதியம் ஒரு வேளை வாங்குவதோடு முடிந்துவிடும். தண்ணீர் விளையாட்டில் பருத்தித் துணிக்கும் சேலைக்கும் அனுமதி இல்லாத இடங்கள் உண்டு, நைலான் உடைதான் கேட்பார்கள். உள்ளே இருக்கிற கடையில் வாங்காமல் தேனியிலோ கம்பத்திலோ முன்பே எடுத்துவைப்பது நல்லது. பிள்ளைகளுக்கான டிக்கெட்டைப் பல பூங்காக்கள் வயதை வைத்துத் தருவதில்லை, உயரத்தை வைத்துத்தான் தருகின்றன. வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை சிறுவர் கட்டணம், அதற்கு மேல் முழு டிக்கெட். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை டிக்கெட் என்று நினைத்து ஆன்லைனில் போட்டுவிட்டு, வாசலில் அளவுகோலுக்கு முன்னால் வாதாடிப் பயனில்லை. செவுத்தில் நிறுத்தி அளந்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அன்றைக்குப் பராமரிப்புக்காக எந்தெந்த ரைடு நிற்கிறது, மழையால் பாதியில் மூடினால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்ற இரண்டையும் பூங்காவுக்குப் போன் போட்டுக் கேட்டபிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.