சிம்ஸ் பூங்காவும் ஜப்பானியர் நோக்கும்

நீலமலைச் சுற்றுலா சென்று திரும்பும் நம் மாணவர்கள் எழுதித் தரும் குறிப்புகளில், குன்னூர் சிம்ஸ் பூங்கா ‘ஓரளவு ஜப்பானிய முறையில் அமைந்தது’ என்னும் தொடர் தவறாது இடம்பெறும். வழிகாட்டி நூல்களில் காணப்படும் தொடர் அது. ஜப்பானிய முறை என்பது யாது என வினவினால் விடை வருவதில்லை. ஆசிரியராகிய நாமும் நெடுநாள் அவ்வினாவை எழுப்பினோமல்லோம்.

அரசுச் செயலராயிருந்த ஜே. டி. சிம்ஸ், வனக் கண்காணிப்பாளர் மேஜர் மர்ரே ஆகிய இருவர் முயற்சியால் 1874ஆம் ஆண்டு இப்பூங்கா உருவாயிற்று. பரப்பு ஏறத்தாழ 12 எக்டேர். கடல் மட்டத்திற்கு மேல் 1768 மீட்டர் முதல் 1798 மீட்டர் வரை உயர்ந்து தாழும் சரிவு நிலம். அச்சரிவை வெட்டிச் சமனாக்காது, நிலத்தின் போக்கிலேயே பாதையை வளைத்திறக்கி, அடியில் குளம் அமைத்தனர். இவ்வமைப்பையே ஜப்பானிய முறை என்கின்றனர். ஜப்பானியத் தோட்டக்கலையை மேலை நாட்டார்க்கு விரித்துரைத்த ஜோசையா கான்டரின் நூல் 1893இல்தான் வெளிவந்தது. ஆதலின் அப்பெயர் பின்னாளில் வந்து ஒட்டியதென்றே கருதுகிறோம். எனினும் பொருத்தமாகவே ஒட்டியது.

நமக்குப் பழக்கமான தோட்ட மரபு வேறு. பாரசீகத்தில் தோன்றி முகலாயர் வழி வந்த ‘சார்பாக்’ தோட்டம், நேர்கோட்டு நீரோடைகளால் நான்காகப் பகுக்கப்படுவது. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் இரு சோலைகளையும், அவையன்றி வேறிரு சோலைகளையும் சுட்டுவதோடு இந்நான்கினை இயைத்துப் பேசும் அறிஞர் உளர். ஹைதர் அலி 1760இல் தொடங்கித் திப்பு சுல்தான் வளர்த்த பெங்களூர் லால்பாக்கும் முகலாயத் தோட்டங்களை எண்ணி எழுந்ததே. அங்கே ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். ஜப்பானியத் தோட்டத்திலோ ஒழுங்கு மறைந்து நிற்கும். ஒரு வளைவு தாண்டினாலன்றி அடுத்த காட்சி புலப்படாது. தோட்டத்துக்கு அப்பாலுள்ள மலையையும் காட்சியின் பகுதியாக்கிக் கொள்வதும் அவர்கள் வழக்கம். அதனை ‘ஷக்கெய்’, அதாவது இரவல் காட்சி, என்பர். நீலமலையில் தேயிலைச் சரிவுகளையும் மூடுபனியையும் இரவல் பெறாத தோட்டம் ஏது?

உதகை அரசினர் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. அங்கு நடைபெறும் போட்டிகளில் ‘இகெபானா’ என்னும் ஜப்பானிய மலரமைப்பும், தொட்டியில் மரத்தைக் குறுக்கி வளர்க்கும் ‘போன்சாய்’ கலையும் இடம்பெறுவதுண்டு. இகெபானா, புத்தர் திருமுன் மலர் படைக்கும் வழக்கத்திலிருந்து கிளைத்த கலை. கியோத்தோ நகர் ரொக்ககுதோ கோயிலைச் சார்ந்த இகெனோபோ மரபே அதன் மூத்த மரபு. நம் மாலை பூவை நெருக்கித் தொடுப்பது. இகெபானாவோ வெற்றிடத்தையும் ஓர் உறுப்பாகக் கொள்வது. ஒரு வளைந்த கிளை, இரண்டு மலர், எஞ்சியது வெளி.

தேநீர்ச் சடங்கைச் செம்மை செய்த சென் நோ ரிக்யூ (1522–1591) பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் தோட்டத்துக் காலைமலர்களின் புகழ் கேட்டு ஆட்சியாளர் ஹிடெயோஷி காண வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, அனைத்தும் வெட்டப்பட்டிருந்தன. சினத்துடன் தேநீர் அறைக்குள் நுழைந்தவர் கண்டது, ஒரே ஒரு மலர். கதை மெய்யோ புனைவோ, மலர்க் கண்காட்சியில் பல்லாயிரம் பூக்களின் முன் நெரிசலில் தள்ளுண்டு நின்றபோது அதுவே நம் நினைவுக்கு வந்தது.

1982இல் ஜப்பானிய வனத்துறை ‘ஷின்ரின்-யோகு’ என்றொரு பழக்கத்தை நாட்டு மக்களுக்கு அறிமுகம் செய்தது. சொற்பொருள் காட்டுக் குளியல். நீராடுதல் அன்று, பேச்சின்றி, விரைவின்றி மரங்களிடையே இருத்தல். செலவற்ற இப்பயிற்சிக்குச் சோலைக்காடுகள் மிகுந்த நீலமலையைவிடத் தக்க இடம் தமிழகத்தில் அரிது.

குன்னூர்ச் சாலையோரங்களில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஜப்பான் தாயகச் செடி. மண்ணில் அமிலம் மிகுந்தால் அலுமினியத்தை ஈர்த்து நீலமாகும். அமிலம் குறைந்தால் இளஞ்சிவப்பாகும். மலையின் மண் எத்தகையதென்பதைப் பூவே சொல்லிவிடுகிறது. கேட்பார்தாம் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு கூறும் 99 மலர்ப் பெயர்களை ஒப்பிக்கும் நம் மாணவர், பூங்காவில் மூன்று மரங்களைப் பெயர் சொல்லத் திணறுகின்றனர். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. 40 நிமிடத்தில் பூங்காவை முடித்துப் பேருந்தேறச் சொன்னவர் நாமே.

சென்ற சுற்றுலாவில் ஒரு மாணவர் மட்டும் குறித்த நேரத்துக்கு வரவில்லை. தேடிச் சென்றபோது குளக்கரையில் தனியே அமர்ந்திருந்தார். கடிந்துகொண்டோம். திரும்பும் வழியில், உருத்திராட்ச மரத்தின் உதிர்ந்த காய் நீலநிறத் தோல் உடையது என்பதை அவர்தாம் கைக்குட்டையிலிருந்து எடுத்துக் காட்டினார். பேருந்து முழுவதும் அது கைமாறிற்று.