செவிவழிக் கல்வியும் தீவகத்துக் கேட்போரும்

கல்வி கண்ணின் வழியாகவும் வரும். செவியின் வழியாகவும் வரும். இதனை உணர்ந்தே திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கெனவும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இக்காலத்தில் ஒரு நூலை ஒருவர் முழுமையாகப் படித்துப் பதிவு செய்ய, மற்றவர்கள் அதனைக் கைத்தொலைபேசியில் கேட்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒலிநூல்கள் எனப்படும் இவற்றுள் கதைகள் மட்டுமன்றி, அரசியல், சமுதாயம், விண்வெளி முதலிய துறைகளைச் சார்ந்த அறிவு நூல்களும் உள்ளன. கதை செவிக்கு இனிது. எளிதில் மனத்திற் பதியும். அறிவு நூலும் அவ்வாறு பதியுமா? பதிய வேண்டுமாயின் கேட்போர் எதனை எதிர்பார்த்தல் வேண்டும்? இக்கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்துத் தீவகம் தரும் விடை ஆராயத் தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் சைவக் கோயில்களிற் புராண படனம் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. கந்தபுராணம், பெரியபுராணம் முதலியவற்றை ஒருவர் இசையோடு வாசிப்பார். அருகில் இருக்கும் மற்றொருவர் பயன் சொல்வார். வாசிப்பவர் குரல் எவ்வளவு இனியதாயினும், பொருள் விளங்குவது பயன் சொல்பவராலேயே. எழுத்தறியாத உழவரும் கடற்றொழிலாளரும் கச்சியப்பரின் காப்பியத்தை அறிந்திருந்தது இம்முறையின் பயனாகும். நூலை உரத்துப் படிப்பது ஒரு பணி. அதனைச் செவிக்கு ஏற்ப விளக்குவது வேறொரு பணி. இன்றைய ஒலிநூல்கள் பலவற்றில் முதற்பணி மட்டுமே நடைபெறுகிறது. குறை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் விண்வெளி நூல்களை எடுத்துக்கொள்ளலாம். விண்வெளி யுகம் உலகுக்குச் செவி வழியாகவே அறிமுகமாயிற்று எனலாம். 1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்கைக் கண்டவர்களிலும், அதன் ஒலிக்குறியை வானொலியிற் கேட்டவர்களே மிகப் பலர். ஆயினும் விண்வெளி நூல்களிற் படங்களும் எண்களும் மலிந்திருக்கும். "கீழுள்ள படத்திற் காண்க" என்று அச்சில் உள்ளதை அப்படியே வாசித்தால் கேட்பவர் எதனைக் காண்பார்? சூரியன் 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்பது செவியில் விழுந்த மறுகணமே மறந்துபோகும். தூரத்தைக் காலமாக்கிச் சொன்னால் அது மனத்தில் நிற்கும்.

தீவகத்தவர் நாளும் அறிந்த கடற்பயணமே இதற்கு நல்ல அளவுகோல். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு படகு நயினாதீவுக்கும் மற்றொன்று நெடுந்தீவுக்கும் புறப்படுகின்றன. அதே கணத்திற் சூரியனிலிருந்து ஓர் ஒளிக்கதிரும் புறப்படுவதாகக் கொள்வோம். முதற்படகு நயினாதீவை அடையுமுன், 8 நிமிடத்திலேயே, அக்கதிர் பூமியின் தூரத்தைக் கடந்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மற்றப் படகு நெடுந்தீவுக் கரை சேரும்போது அது வியாழனின் பாதையைத் தாண்டியிருக்கும்; சனிக்கோளை இன்னும் எட்டியிராது. அதற்கப்பாலுள்ள மிக அண்மையான விண்மீனை அடைய அதற்கு 4 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். படம் இல்லை, பெரிய எண்ணும் இல்லை. வானத்தின் பரப்போ மனத்திற் பதிந்துவிடுகிறது. பயன் சொல்லுதல் என்பது இதுவே.

அரசியல், வரலாற்று நூல்களில் இடர்ப்பாடு வேறு வகையானது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்கிறது. யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற சரக்கேற்றிய கலமாயின் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. யானை குதிரைகளில் மன்னனுக்குள்ள விருப்பமே இவ்வேறுபாட்டுக்குக் காரணமெனக் கல்வெட்டே கூறுகிறது. படைத்தேவை பற்றியே அவ்விருப்பம் எழுந்தது என ஒருவர் உரைப்பாராயின், அது பொருத்தமான ஊகமாகலாம். கல்வெட்டின் கூற்று ஆகாது.

அச்சு நூலில் மேற்கோட்குறியும் அடிக்குறிப்பும் சாசனத்தையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டும். செவிக்கு அக்குறிகள் தெரியா. ஒரே கம்பீரமான குரல் அரசனின் ஆணையையும், ஆராய்ச்சியாளரின் ஊகத்தையும், நூலாசிரியரின் விருப்பு வெறுப்பையும் வேறுபாடின்றிச் சொல்லிச் செல்லும்போது, கேட்பவர் மூன்றையும் ஒன்றாகவே நம்பிவிடுகிறார். அரசியல் நூலில் இது பெருந்தீங்கு. ஆதலின் "இது சாசனம்", "இது ஆசிரியர் கருத்து" என்று பிரித்துச் சொல்லும் ஒலிநூலையே கேட்போர் நல்ல நூல் என மதித்தல் வேண்டும். குரலின் இனிமை கருத்தின் உண்மைக்குச் சான்றாகாது.

சமுதாய நூல்களிலோ, தவறான கேள்வி வாழ்க்கையையே பாதிக்கக்கூடும். தேசவழமை அதற்கு உதாரணம். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் கையளித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1806இல் ஆங்கில ஆட்சி அதற்குச் சட்டவலு அளித்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துவகைகள் அதில் வருவன. பின்னர் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பலவற்றை மாற்றியது. மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமெனவும் விதித்தது. 1947இல் மேலும் திருத்தங்கள் வந்தன.

கண்பார்வை மங்கிய மூதாட்டி ஒருத்தி தன் சீதனக் காணியைப் பற்றி அறிய இத்தகைய நூலொன்றைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவள் கேட்கும் விதி 1707க்கு உரியதா, 1911க்கு உரியதா, இன்றும் நடைமுறையில் உள்ளதா என்பதை வாசிப்பவர் சொல்லாது விட்டால், பழைய விதியை இன்றைய விதியாக எண்ணி அவள் காணியை இழக்க நேரலாம். அச்சு நூலிற் பக்கத்தைப் புரட்டி ஆண்டைத் தேடலாம். ஒலியில் அது கடினம். ஆகவே சட்டத்தையும் சமுதாயத்தையும் பற்றிய ஒலிநூல், ஒவ்வொரு விதியோடும் அதன் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுதல் கடமை. கேட்டதை மட்டும் நம்பிக் கையொப்பம் இடாது, சட்டம் அறிந்தவரை அணுகுதல் கேட்பவரின் கடமை.

ஒலிநூல் தேவையற்றது என்பது இதன் கருத்தன்று. பிரித்தானியாவிற் பேசும் நூல்கள் 1935இல் தொடங்கப்பட்டது, போரிற் பார்வையிழந்த வீரரையும் பிற பார்வையற்றோரையும் கருதியே. வலை பின்னுவோருக்கும், ஓலை இழைப்போருக்கும், படகிற் பயணம் செய்வோருக்கும் கையும் கண்ணும் ஓய்வின்றி இருக்கும்போது செவி ஓய்ந்திருக்கிறது. அவர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. வானொலிப் பேச்சு ஒலித்த கணத்தோடு போய்விடும். பதிவான நூலை நிறுத்தலாம், மீட்டுக் கேட்கலாம். அவ்வசதியைப் பயன்படுத்தாதவர் அதன் பயனிற் பாதியை இழக்கிறார்.

புராண படனத்தில் ஐயம் எழுந்தால் பயன் சொன்னவரை மறுநாள் வீதியிற் கண்டு கேட்கலாம். பதிவான குரலிடம் அவ்வாறு கேட்க இயலாது. ஆதலின் ஒலிநூலை நால்வர் கூடிக் கேட்பதும், கேட்டபின் அதனைப் பற்றி உரையாடுவதும் நன்று. வாசிப்பவரோடு பயன் சொல்பவரும் இருந்த அம்முறையை இப்புதிய கருவியோடு இணைத்துக்கொள்ளும் ஊரில், செவிவழி வந்த கல்வி நிலைத்து நிற்கும்.