ஒரே ஏசாயா, ரெண்டு வாசிப்பு: மேசியா வந்துட்டாரா, இனிமேதான் வரணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

போன எபிசோடுக்கு அப்புறம் பொள்ளாச்சியில இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. அவங்க கேட்டது இதுதான்:

"அண்ணா, யூதர்களும் ஏசாயா புத்தகத்தைத்தானே படிக்கிறாங்க? கிறிஸ்துமஸுக்கு எங்க சர்ச்சுல வாசிக்கிற அதே வசனம் அவங்ககிட்டயும் இருக்கு. அப்புறம் எப்படி அவங்க கண்ணுக்கு மட்டும் இயேசு தெரியாமப் போனாரு?"

நல்ல கேள்விங்க. ஆனா அந்த "கண்ணுக்குத் தெரியல" அப்படிங்கிற வார்த்தையை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில அதுக்குத் திரும்பி வருவோம்.

முதல்ல, மேசியான்னா யாரு?

எபிரேய மொழியில 'மஷியாக்'. எண்ணெய் பூசப்பட்டவர்னு அர்த்தம். பழைய இஸ்ரவேல்ல ராஜாவையும் தலைமை ஆசாரியரையும் தலையில எண்ணெய் ஊத்தித்தான் பதவியில வைப்பாங்க. நம்ம ஊர்ல பட்டாபிஷேகம்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. இதே சொல்லுக்குக் கிரேக்கத்துல 'கிறிஸ்தோஸ்'. அதுதான் தமிழ்ல 'கிறிஸ்து' ஆச்சு. அதாவது கிறிஸ்துங்கிறது இயேசுவோட குடும்பப் பேர் இல்ல, ஒரு பட்டம்.

இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. ஏசாயா 45-ஆம் அதிகாரத்துல இந்தப் பட்டம் பாரசீக ராஜா கோரேஸுக்குக் கிடைக்குது. அவர் யூதரே இல்ல. ஆக, ஆரம்பத்துல மேசியான்னா 'கடைசிக் காலத்துல வரப்போற ரட்சகர்'னு அர்த்தம் இல்ல. கிமு 586-ல பாபிலோன்காரங்க எருசலேமை இடிச்சு, தாவீது வம்சத்து ஆட்சி முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான், "அந்த வம்சத்துல இருந்து ஒருத்தர் மறுபடி வருவார்"ங்கிற எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமா இந்தச் சொல்லுக்குள்ள வந்து சேர்ந்துச்சு.

ரெண்டு தமிழ் பைபிள், ஒரு வசனம்

இப்ப கிறிஸ்துமஸ் வசனத்துக்கு வருவோம். ஏசாயா 7:14. இம்மானுவேல் பிறப்பான்னு சொல்ற இடம்.

உங்க வீட்டுல இருக்கிறது பழைய தமிழ் பைபிளா? 1871-ல வந்த ஹென்றி பவர் மொழிபெயர்ப்பு வழியா சிஎஸ்ஐ மாதிரியான சபைகள்ல புழங்குறது. அதுல இந்த வசனத்துல 'கன்னிகை'ன்னு இருக்கும். கத்தோலிக்க நண்பர் வீட்டுல 1995-ல வந்த திருவிவிலியம் இருக்கும். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் சேர்ந்து செஞ்ச பொது மொழிபெயர்ப்பு அது. அதுல அதே இடத்துல 'இளம்பெண்'. அதுவும் ஏற்கனவே கருவுற்றிருக்கிற இளம்பெண். ஆனா அதே திருவிவிலியத்துல மத்தேயு 1:23-க்குப் போனீங்கன்னா 'கன்னி'ன்னு இருக்கும். மத்தேயு மேற்கோள் காட்டுறது இந்த ஏசாயா வசனத்தைத்தான்.

இது அச்சுப்பிழை இல்லைங்க. ஏசாயாவுல இருக்கிற எபிரேயச் சொல் 'அல்மா'. கல்யாண வயசுல இருக்கிற இளம்பெண்ணைக் குறிக்கிற சொல். ஆணோட உறவு இல்லாதவள்னு குறிப்பாச் சொல்ல எபிரேயத்துல பொதுவா 'பெத்துலா'ன்னு இன்னொரு சொல் உண்டு. கிறிஸ்துவுக்கு முந்தின நூற்றாண்டுகள்ல யூதர்களே தங்க வேதத்தைக் கிரேக்கத்துல மொழிபெயர்த்தாங்க. செப்துவஜிந்த்னு பேர். அதுல 'அல்மா'வுக்கு 'பார்த்தெனோஸ்'னு போட்டாங்க. அந்தச் சொல் கன்னித்தன்மை பக்கம் சாயும். மத்தேயு அதைத்தான் எடுத்துக்கிட்டார்.

நம்ம 'கன்னி'யையே பாருங்க. கொங்குப் பக்கம் தோட்டத்துல கன்னிமார் சாமின்னு ஏழு கல்லு நட்டுக் கும்பிடுவாங்க. அங்க கன்னின்னா இளமை, கல்யாணம் ஆகாதது, தூய்மை எல்லாம் ஒண்ணா வருது. ஒரு சொல்லுக்குள்ள இத்தனை இருக்கும்போது, மொழிபெயர்க்கிறவர் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சுதான் ஆகணும்.

யூதர்களோட வாதம் சொல்லோட நிக்கல. "7-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்துல இருந்து படிங்க"ன்னு சொல்றாங்க. கிமு 735 வாக்குல, எருசலேம்ல ஆகாஸ் ராஜா பயந்துபோய் இருக்கார். ரெண்டு பக்கத்து ராஜாக்கள் சேர்ந்து படையெடுத்து வர்றாங்க. ஏசாயா அவருக்கு ஒரு அடையாளம் சொல்றார்: ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு ராஜாக்களோட நாடும் பாழாப் போகும். "எழுநூறு வருஷம் கழிச்சுப் பிறக்கப் போற குழந்தை ஆகாஸுக்கு என்ன அடையாளம்?"ங்கிறது அவங்க கேள்வி.

கிறிஸ்தவ அறிஞர்கள் பலர் இதை மறுக்கிறதில்ல. "அந்தக் காலத்துல அதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு, இயேசுவுல அது முழுசாச்சு"ன்னு சொல்றாங்க. ஆனா எல்லாரும் இவ்வளவு நிதானமா இருந்ததில்ல. 1952-ல ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பு 'இளம்பெண்'னு போட்டதுக்காக, அமெரிக்காவுல ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எல்லார் முன்னாடியும் கொளுத்தினார்.

பாடு அனுபவிக்கிற அந்த ஊழியர் யாரு?

அடுத்தது ஏசாயா 53. பெரிய வெள்ளிக்கிழமை வாசிக்கிற பகுதி. மத்தவங்க பாவத்துக்காக ஒருத்தர் அடிபடுறார், வாய் திறக்காம சாகிறார். கிறிஸ்தவர்களுக்கு இது அப்படியே சிலுவைக் காட்சி.

11-ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல வாழ்ந்த ராஷிங்கிற யூத உரையாசிரியர், இந்த ஊழியர் இஸ்ரவேல் மக்கள்தான்னு எழுதுறார். ஆதாரம் இருக்கு: ஏசாயா 41, 44, 49 அதிகாரங்கள்ல கடவுள் இஸ்ரவேலையே "என் ஊழியன்"னு கூப்பிடுறார். கிறிஸ்தவர்கள் பதிலுக்கு, "49-லயே அந்த ஊழியருக்கு இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவர்ற வேலையும் இருக்கே, அப்போ ரெண்டு பேரும் எப்படி ஒண்ணாக முடியும்?"னு கேக்கிறாங்க. அதுவும் நியாயமான கேள்விதான். யூத மரபுக்குள்ளயும் ஒரே குரல் இல்ல. தல்மூத்ல ஒரு இடத்துல இந்தப் பகுதியை மேசியாவோட சேர்த்துப் பேசுறாங்க.

இன்னொண்ணு: அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்துல ஒரு எத்தியோப்பிய அதிகாரி தேர்ல உட்கார்ந்து இதே பகுதியைப் படிக்கிறார். பிலிப்பு வந்ததும் அவர் கேக்கிற முதல் சந்தேகமே, தீர்க்கதரிசி இதைத் தன்னைப் பத்திச் சொல்றாரா, வேற யாரையாவது சொல்றாரா அப்படிங்கிறதுதான். இந்தக் கேள்வி புதிய ஏற்பாட்டுக்கு உள்ளயே இருக்கு.

எந்தப் பக்கத்துல இருந்து படிக்கிறோம்?

எனக்கு இதுதான் விஷயத்தோட மையம்னு தோணுது. கிறிஸ்தவர்கள் ஒரு மனிதர்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. இயேசு வாழ்ந்தார், இறந்தார், உயிர்த்தார்னு நம்பி, அப்புறம் பழைய நூல்களுக்குத் திரும்பிப் போறாங்க. அப்ப அங்க எல்லா இடத்துலயும் அவர் முகம் தெரியுது. இது வெளியில இருந்து கொண்டுவந்த முறை இல்ல. சாக்கடல் சுருள்களை வச்சிருந்த கும்ரான் யூதக் குழுவும் ஆபகூக் தீர்க்கதரிசனத்தைத் தங்க காலத்துக்கே எழுதினதா வாசிச்சாங்க. மத்தேயு செஞ்சது அந்தக் காலத்து யூத வாசிப்பு முறைதான்.

யூதர்கள் ஒரு வேலைப் பட்டியல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. மேசியா வந்தா என்ன நடக்கணும்? போர் நிக்கணும், சிதறின மக்கள் திரும்பணும், ஆலயம் மறுபடி எழும்பணும். 12-ஆம் நூற்றாண்டுல மைமோனிடிஸ் இதைச் சட்டமாவே எழுதி வச்சார்: இதையெல்லாம் செஞ்சு முடிச்சா அவர் மேசியா, முடியாமப் போனாலோ கொல்லப்பட்டாலோ அவர் இல்ல. இந்த அளவுகோல் இயேசுவுக்கு மட்டும் வச்சதில்ல. கிபி 132-ல ரோமுக்கு எதிரா எழுந்த பார் கோக்பாவை, ரபி அகிவா மாதிரி பெரிய குருவே மேசியான்னு நம்பினார். 135-ல பார் கோக்பா செத்ததும், அவர் மேசியா இல்லன்னு முடிவாச்சு.

"மிச்ச வேலை இரண்டாம் வருகையில நடக்கும்"ங்கிறது கிறிஸ்தவர்கள் பதில். "ரெண்டு வருகைன்னு எங்க எழுதியிருக்கு?"ங்கிறது யூதர்கள் கேள்வி.

புத்தகத்தோட வரிசையே இதைச் சொல்லும். புராட்டஸ்டன்ட் பைபிள்ல பழைய ஏற்பாடு மல்கியாவோட முடியும். எலியா வருவார்னு ஒரு எதிர்பார்ப்போட நிறுத்திட்டு, பக்கத்தைத் திருப்பினா மத்தேயு. யூத வேதத்தோட வழக்கமான அச்சுப் பதிப்புகள் நாளாகமத்தோட முடியும். கோரேஸ் யூதர்களைப் பார்த்து, ஊருக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்ற இடம் அது. ஒண்ணு ஆளுக்காகக் காத்திருக்கு, இன்னொண்ணு ஊருக்காக.

நமக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. தமிழ்ல முதல்ல அச்சானது புதிய ஏற்பாடுதான். தரங்கம்பாடியில, சீகன்பால்கு மொழிபெயர்ப்பு, 1715. பழைய ஏற்பாடு முழுசா வந்து சேர 1728 ஆச்சு. தமிழ் அச்சுல மத்தேயுவுக்கு அப்புறம்தான் ஏசாயா வந்தார்.

"கண்ணுக்குத் தெரியல"

இப்ப அந்த வார்த்தைக்கு வருவோம். பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் பேராலய வாசல்ல 13-ஆம் நூற்றாண்டுல ரெண்டு சிலைகள் வச்சாங்க. கிரீடம் வச்ச பெண் திருச்சபை. கண்ணைத் துணியால கட்டி, ஒடிஞ்ச ஈட்டியோட தலை குனிஞ்சு நிக்கிற பெண் யூத ஜெபக்கூடம். "உங்களுக்குக் கண்ணு தெரியல"ன்னு கல்லுல செதுக்கி வச்சாங்க.

அது கல்லோட நிக்கல. 1242-ல பாரிஸ்ல தல்மூத் பிரதிகளை வண்டி வண்டியாக் கொண்டுவந்து எரிச்சாங்க. 1263-ல பார்சிலோனாவுல, ராஜா முன்னிலையில நக்மானிடிஸ்ங்கிற ரபியை விவாதத்துக்குக் கூப்பிட்டாங்க. மேசியா வந்துட்டா உலகத்துல சமாதானம் இருக்கணும், இன்னும் வன்முறைதானே நிறைஞ்சிருக்குன்னு அவர் வாதாடினார். கடைசியில சொந்த நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. வாசிப்புல இருந்த வித்தியாசம் குற்றமா மாறினா இதுதான் நடக்கும்.

திருச்சபையும் மாறியிருக்கு. 1965-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவோட மரணத்துக்கு எல்லா யூதர்களையும் குற்றம் சொல்லக் கூடாதுன்னு அறிவிச்சது. 2001-ல வத்திக்கானோட விவிலிய ஆணையம் இன்னும் ஒரு படி போய், யூதர்களோட வாசிப்பும் அந்த நூல்கள்ல இருந்து வரக்கூடிய ஒரு வாசிப்புதான்னு எழுதுச்சு.

பாலக்காடு தாண்டினா கொச்சி

இந்த வாக்குவாதம் நமக்கு ரொம்ப தூரத்துல நடந்தது இல்லைங்க. பொள்ளாச்சியில இருந்து பாலக்காடு வழியா போனா கொச்சி. மட்டாஞ்சேரி யூத ஜெபக்கூடம் 1568-ல கட்டினது. 1806 கடைசியில கிளாடியஸ் புக்கனன்ங்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கொச்சி வந்து, யூதர்கள்கிட்ட சுவடிகள் தேடினார். கிடைச்சதுல ஒண்ணு, எபிரேயத்துல எழுதின புதிய ஏற்பாடு. திருவிதாங்கூர் யூதப் பண்டிதர் ஒருத்தர் அதை மறுத்து வாதாடுறதுக்காகவே மொழிபெயர்த்தார்னு புக்கனன் எழுதுறார். அந்தச் சுவடி இப்ப கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு.

அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான். மறுக்கணும்னாலும், எதிராளியோட புத்தகத்தை வரிவரியா உட்கார்ந்து படிச்சிருக்கார் ஒரு மனுஷன்.

கொச்சி யூதர்கள்ல பெரும்பாலானவங்க 1950-களோட இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க. ஊருக்குத் திரும்பணும்ங்கிற அவங்க வேதத்தோட கடைசி வாக்கியத்தை அவங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லலாம்.

ஆக, தங்கச்சி, அவங்க கண்ணுக்குத் தெரியாமப் போகல. அவங்க தேடுனது வேற. உங்க நம்பிக்கையை நீங்க விட வேண்டியதில்ல. ஆனா ஒரு நாள் கத்தோலிக்கத் தோழி வீட்டுக்குப் போய், ரெண்டு தமிழ் பைபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஏசாயா 7-ஐ 14-ஆம் வசனத்துல இருந்து இல்லாம, முதல் வசனத்துல இருந்து படிச்சுப் பாருங்க. என்ன தோணுச்சுன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையும் பேசுவோம். வரட்டுங்களா?