குடியரசாகிய தூண்டில் சங்கம்

தூண்டிலோடு நதிக்கரையில் கூடிய சில நண்பர்கள், தங்கள் சங்கத்தையே ஒரு தனி ராஜ்யமாகப் பாவித்த விநோதத்தை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஸ்கூல்கில் என்னும் நதியின் கரையிலே, 1732ஆம் ஆண்டில் தோன்றிய மீன்பிடிச் சங்கத்தார், அதனைக் குடியேற்ற நாடு என்றே அழைத்து, தலைவருக்குக் கவர்னர் என்று பட்டமும் சூட்டி, அங்கத்தினர்கள் தம் கையாலேயே சமைத்து விருந்துண்ணும் சம்பிரதாயத்தையும் வகுத்துக்கொண்டனர். தேசம் சுதந்திரம் பெற்றதும், அவர்களுடைய குடியேற்ற நாடும் பெருமிதத்தோடு மாநிலம் என்று பெயர் மாறியது!

ஆயினும், நகரத்தின் குடிநீருக்காக நதியின் குறுக்கே ஃபேர்மவுண்ட் அணை எழுந்தபோது, முட்டையிடும் பொருட்டுக் கடலிலிருந்து ஏறிவரும் மீன்களின் பாதை அடைபட்டுப் போயிற்று. மீன் வராத கரையில் தூண்டிற்காரருக்கு என்ன வேலை? ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் பழகிய அந்த இடத்தை நீத்து, சங்கத்தார் அணைக்குக் கீழே குடிபெயர்ந்தனர். பிற்காலத்தில் டெலாவேர் நதிக்கரைக்கே சென்றனர்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளை எட்டும் அச்சங்கம், இன்றும் அந்நதிக்கரையில் நடைபெற்று வருகிறது.