நடுவில் இருப்பதுதான் பூ

பாஸ்டன் நகரத்து ஆரஞ்சு ரயில் தடம் தெற்கே ஃபாரஸ்ட் ஹில்ஸ் நிலையத்தோடு முடிகிறது. அங்கே இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால் ஆர்னால்டு ஆர்போரீட்டம். மரங்களுக்காகவே அமைந்த தோட்டம் இது. பரப்பு 281 ஏக்கர், நுழைவுக் கட்டணம் கிடையாது. மே மாதத்து இரண்டாவது ஞாயிறன்று லைலாக் பூக்களைப் பார்க்க இங்கே பெருங்கூட்டம் கூடும். லைலாக்கைப் பார்த்து முடித்ததும் அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஏறக்குறைய அதே நாட்களில்தான் டாக்வுட் மரங்களும் பூத்திருக்கும்.

1872-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியது. முதல் இயக்குநர் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அவருடன் சேர்ந்து பாதைகளையும் நடவையும் திட்டமிட்டார். 1882-இல் நிலம் நகராட்சிக்குக் கைமாறியது. நகராட்சி அதை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்திடமே திருப்பிக் கொடுத்தது. மரம் வைப்பவர்கள் போட்ட கணக்கு அது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிறு தகடு தொங்குகிறது. மரத்தின் பெயர், அதற்குரிய எண், அது எங்கிருந்து வந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். முதலில் தகட்டைப் படித்துவிட்டு மரத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளே பூக்கும் டாக்வுட்டின் தாயகம். ஓக் போன்ற நெடுமரங்களின் கீழே ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் கிளை பரப்பி நிற்கும். இலை முழுதாக விரியுமுன்பே மரம் வெள்ளையாகிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் அகன்ற நான்கு இதழ்கள் கொண்ட பூக்கள் அடுக்கடுக்காகக் கிடப்பதுபோல் தெரியும்.

அவை இதழ்களே அல்ல. கிட்டே போய் அந்த நான்கு வெள்ளை மடல்களின் நடுவே பாருங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த சிறு மொட்டுகள் இருபது முப்பது நெருக்கமாக இருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. நான்கு இதழ், நான்கு மகரந்தத்தாள், ஒரு சூலகம் என எல்லாம் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வெள்ளை மடல்கள் பூவடிச் செதில்கள், அதாவது உருமாறிய இலைகள். நம் வீட்டு வாசல் காகிதப்பூவில் சிவப்பாகத் தெரிவதும் பூவடிச் செதில்தான். அதற்குள் குழல்போல் நிற்கும் சிறு வெள்ளைப் பூவைப் பலரும் கவனிப்பதே இல்லை. சின்னஞ்சிறு பூக்களைக் காட்டில் பறக்கும் வண்டும் தேனீயும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை அழைப்பது இந்த வெள்ளை மடல்கள்.

மடலின் நுனியில் ஒரு சிறு பள்ளம், கன்றிப்போன தழும்புபோலப் பழுப்பு நிறத்தில் இருக்கும். எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். முந்தைய கோடையிலேயே மொட்டு உருவாகிவிடுகிறது. பாஸ்டனின் பனிக்காலம் முழுவதும் நான்கு செதில்களும் கூம்பி, சாம்பல் நிறப் பொத்தான்போல் பூக்களைப் பொதிந்து காக்கின்றன. குளிர் விலகியதும் செதில்கள் அடியிலிருந்து வளர்கின்றன. குளிரைத் தாங்கிக் கெட்டிப்பட்ட நுனி மட்டும் வளர்வதில்லை. அந்தத் தழும்பு, அது காவல் நின்றதன் அடையாளம்.

இலையிலும் ஒரு வேடிக்கை உண்டு. உதிர்ந்து கிடக்கும் பசிய இலை ஒன்றை எடுத்துக் குறுக்கே மெல்லப் பிய்த்து இழுங்கள். இரு பாதிகளும் உடனே பிரியாது. நீர் கடத்தும் குழாய்களின் சுருள் இழைகள் நூல்போல் நீண்டு இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதன் கட்டைக்கும் நூலோடு உறவு உண்டு. டாக்வுட் கட்டை மிகக் கெட்டியானது. சிம்பு கிளம்பாது, தேயத் தேய வழவழப்பு கூடும். இழை அறாமல் தறியில் விரைந்து ஓடும் நாடாவுக்கு இதைவிட ஏற்ற மரம் அரிது. 19-ஆம் நூற்றாண்டின் நெசவாலைகளுக்காக இந்த மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன.

கோடரியைவிடப் பெரிய ஆபத்து 1970-களின் பிற்பகுதியில் வந்தது. டிஸ்குலா என்ற பூஞ்சைதான் அது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதலில் இலைகள் கருகும், பிறகு கீழ்க்கிளைகள் காயும், கடைசியில் மரமே பட்டுப்போகும். ஈரமும் நிழலும் நிறைந்த அப்பலாச்சிய மலைக்காடுகளில் மரங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெயிலும் காற்றும் படும் திறந்த இடத்து மரங்கள் ஓரளவு தப்பின. மேரிலாந்தின் கடோக்டின் மலைப் பூங்காவில் எல்லாம் சாய்ந்த நிலையிலும் பிழைத்து நின்ற மரத்திலிருந்து ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ என்ற எதிர்ப்பாற்றல் உள்ள ரகத்தை எடுத்தார்கள்.

இன்னொரு வழி கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஆர்னால்டு தோட்டத்துக்காகச் சீனாவில் விதை சேகரித்த எர்னெஸ்ட் வில்சன் 1907-இல் ஹூபே மாநிலத்திலிருந்து கூசா டாக்வுட்டின் சீன வகையை அனுப்பினார். கூசாவின் மடல் நுனி கூர்மையானது, அதில் தழும்பு கிடையாது. இலை விரிந்த பிறகு, ஜூனில் பூக்கும். அமெரிக்க மரத்தின் பழங்கள் தனித்தனியாகச் சிவந்து பறவைகளுக்கு இரையாகும். கூசாவின் பழங்களோ ஒன்றாக ஒட்டிச் சிறு உருண்டையாகிவிடும். அந்தப் பூஞ்சையைக் கூசா நன்றாகத் தாங்குகிறது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்வின் ஆர்டன் இரண்டையும் கலந்து புதிய மரங்களை உருவாக்கினார். அவை பூப்பதும் இரண்டின் பருவத்துக்கும் இடையில்தான். ஒரு தோட்டம் தூர தேசத்து விதையை நட்டுப் பேணி வைப்பதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த மரங்களைக் காட்டலாம்.

மே நடுவில் ஒரு முறையும் ஜூனில் ஒரு முறையும் போக முடிந்தால் இரண்டு இனங்களையும் பூவோடு பார்த்துவிடலாம்.

பாஸ்டன் போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் டாக்வுட் குடும்பத்தில் இருப்பவை இரண்டே பேரினங்கள். ஒன்று டாக்வுட். மற்றொன்று நம் ஊர்ப் புதர்க்காட்டில் முள்ளோடு நிற்கும் அழிஞ்சிலின் பேரினம். அழிஞ்சில் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து வெண்ணிறமாக, நல்ல மணத்தோடு பூக்கும். இதில் பூவடிச் செதிலின் அலங்காரம் கிடையாது, பார்ப்பது நேரே பூவைத்தான். பழுத்ததும் ஒரு பழத்தைப் பறித்து உச்சியைக் கவனியுங்கள். புல்லிவட்டத்தின் எச்சம் சிறு முடிபோல் ஒட்டியிருக்கும். டாக்வுட் பழத்தின் உச்சியிலும் அது உண்டு.