ஒரே பெண், இரண்டு முடிவுகள்: இந்தியக் கதைகளில் என்ன மாறியிருக்கிறது?

மழை கொட்டும் மாலை நேரம். பேருந்து நிறுத்தத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. முன்பின் தெரியாத இளைஞன் அவளை ஏறிக்கொள்ளச் சொல்கிறான்.

தயங்கித் தயங்கி ஏறுகிறாள். வழியில் அவன் அவளிடம் அத்துமீறுகிறான்.

வீடு திரும்பியவள் அழுதுகொண்டே நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள்.

இப்போ அந்த அம்மா என்ன செய்யணும்?

ஏறக்குறைய 60 ஆண்டுக்கு முன்னர் தமிழ்நாட்டு வாசகர்களை இரண்டாகப் பிரித்த கேள்வி இது. இந்தியக் கதைகளில் ஆண், பெண் பற்றிய பார்வை எப்படி மாறியது என்பதைப் புரிந்துகொள்ள அங்கிருந்தே தொடங்கலாம்.

"அந்தக் காலத்துக் கதைன்னா அடக்கமான பொண்ணு, இந்தக் காலத்துக் கதைன்னா துணிச்சலான பொண்ணு, அவ்வளவுதானே?" என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வளவு எளிதில்லை. கதையில் வரும் பெண் வேலைக்குப் போகிறாளா, ஜீன்ஸ் போடுகிறாளா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு.

அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவை எடுப்பது யார்?

1966: அம்மா ஊற்றிய தண்ணீர்

மேலே சொன்ன கதையின் பெயர் 'அக்கினிப் பிரவேசம்'. எழுதியவர் ஜெயகாந்தன். 1966ஆம் ஆண்டு 'ஆனந்த விகடன்' வார இதழில் வெளிவந்தது.

கதையில் வரும் அம்மா முதலில் பதறுகிறார், மகளை அடிக்கிறார். பிறகு தன்னைச் சமாளித்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் விஷயத்தை மறைக்கிறார். மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். உன்மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று அவளுக்குப் புரியவைக்கிறார்.

அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 'கெட்டுப்போன' பெண்ணை ஓர் அம்மா இப்படி ஏற்றுக்கொள்வாரா, இது சமுதாயத்துக்குத் தவறான வழியைக் காட்டாதா என்றெல்லாம் வாதம் நடந்தது.

இன்று அதே கதையைப் படிக்கும் 20 வயது வாசகருக்கு வேறு கேள்விகள் எழும். அந்த இளைஞனை ஏன் யாருமே எதுவும் கேட்கலை? தப்பே செய்யாத பெண்ணை எதற்குத் 'தூய்மைப்படுத்தணும்'?

கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிப்பவர்கள் மாறிவிட்டார்கள். சமூகத்தின் மதிப்பீடு மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அதே பெண், வேறு முடிவு

எதிர்ப்புக்கு ஜெயகாந்தன் கட்டுரையில் பதில் சொல்லியிருக்கலாம். அவர் நாவலே எழுதினார்.

1970இல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அந்தக் கதையின் முடிவை மாற்றிப் பார்க்கிறது. இங்கே அம்மா மறைக்கவில்லை, ஓலமிடுகிறார். ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான்.

அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. படிக்கிறாள், நல்ல வேலைக்குப் போகிறாள், சொந்தக் காலில் நிற்கிறாள். ஆனாலும் அந்த ஒரு மாலை அவளை விடுவதாக இல்லை. படிக்கவைத்து ஆளாக்கிய மாமாவே அவளைத் தவறான கண்ணோடு பார்க்கிறார். முடிவில் அவளுக்கு மிஞ்சுவது தனிமை.

சம்பவம் ஒன்றுதான். அம்மா அமைதியாக இருந்தால் ஒரு வாழ்க்கை, அலறினால் இன்னொரு வாழ்க்கை. ஆக, கங்காவின் வாழ்க்கையைக் குலைத்தது அந்த மாலை மட்டும் இல்லை, அதற்குப் பின்னர் மற்றவர்கள் அவளை நடத்திய விதமும்தான்.

அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. பின்னர் அது ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமானது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கதையிலுமே அவளுடைய விதியைத் தீர்மானிப்பது மற்றவர்கள். ஒன்றில் அம்மா காப்பாற்றுகிறார். மற்றதில் குடும்பம் கைவிடுகிறது.

சமையலறையில் யாருக்கு அதிகாரம்?

அடுத்த கட்டத்தில் பெண்களே பேனாவைக் கையில் எடுத்துக் குடும்பத்துக்குள் கேள்வி கேட்கத் தொடங்கினர். அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர் அம்பை. இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி.

1988இல் வெளிவந்த தொகுப்பின் தலைப்புக் கதை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். வீடு விசாலமானது. சமையலறை மட்டும் இருட்டாக, ஒரு மூலையில் இருக்கிறது.

இந்தக் கதையில் பெரிய அசம்பாவிதம் எதுவும் நடப்பதில்லை. மருமகள் மீனாட்சி சமையலறையைக் கொஞ்சம் வசதியாக மாற்றலாமே என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அந்தச் சின்னக் கேள்விக்கே வீட்டில் இடமில்லை.

சமையலறைதான் தங்கள் ராஜ்ஜியம் என்று மாமியார் நம்புகிறார். உங்கள் பலம் அதில் இல்லை என்று அவருக்கு மருமகள் சொல்லிப் பார்க்கிறாள். மாமியார்–மருமகள் என்றாலே சண்டை என்று தொலைக்காட்சித் தொடர்கள் நமக்குப் பழக்கிவிட்டன. அம்பையின் கதையில் இருவரும் ஒரே அறையில் அடைபட்டவர்கள்.

வேலைக்குப் போனா போதுமா?

'பெண் வேலைக்குப் போனால் விடுதலை' என்ற பேச்சை நாம் நிறையக் கேட்டிருப்போம். அது எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா?

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. அதில் வரும் தலித் பெண்கள் காலங்காலமாக வயலில் வேலை செய்பவர்கள். வேலைக்குப் போவது அவர்களுக்குப் புதிதில்லை. ஆணுக்குக் கிடைக்கும் கூலி அவர்களுக்குக் கிடைக்காதது, வேலையிடத்தில் பாதுகாப்பு இல்லாதது, வீட்டுக்கு வந்தபிறகும் ஓய்வில்லாதது ஆகியவைதான் அவர்களுடைய பிரச்சினை.

அதில் மாரியம்மா என்ற பெண்ணின் கதை வருகிறது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிலக்காரர் அவளிடம் தவறாக நடக்க முயல்கிறார். தப்பித்து ஓடிவிடுகிறாள். தன் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்த அவர், முந்திக்கொண்டு அவள்மீதே பழி போடுகிறார். ஊர்க் கூட்டம் கூடுகிறது. தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அபராதம் மாரியம்மாவுக்கு!

கங்காவுக்கு நேர்ந்ததும் மாரியம்மாவுக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மாரியம்மாவின் நிலையில் சாதியும் நிலமும் கூலியும் சேர்ந்துகொள்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு மறைத்துவிடும் வாய்ப்புகூட அவளுக்கு இல்லை.

கதையின் மொழியும் மாறியது. பாமா தம் மக்கள் பேசும் பேச்சுத்தமிழிலேயே எழுதினார். அந்தப் பெண்களைப் பற்றி வேறு யாரோ சொல்லவில்லை, அவர்களே சொல்கிறார்கள்.

சரி, ஆண்கள்?

சமூகம் வகுத்த வேடம் பெண்ணுக்கு மட்டுமா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) ஆணுக்கும் அது உண்டு என்று காட்டுகிறது.

கொங்கு நாட்டுத் தம்பதி காளி, பொன்னா. ஒருவர்மீது ஒருவருக்கு அவ்வளவு பிரியம். பிள்ளை மட்டும் இல்லை. பொன்னாவை ஊர் ஒதுக்குகிறது. காளியின் ஆண்மையைக் கேலி பேசுகிறது. குழந்தை வேண்டும் என்பதற்காக, காளிக்கு விருப்பமில்லாத வழியில் பொன்னாவை அனுப்பிவைக்க இரு குடும்பங்களும் சேர்ந்து திட்டம் போடுகின்றன. கணவனும் மனைவியும் மட்டும் எடுக்க வேண்டிய முடிவில் ஊரே தலையிடுகிறது.

நாவலுக்கு 2014ஆம் ஆண்டு இறுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்று அவர் 2015 ஜனவரியில் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

சுவையான தகவல் ஒன்று. ஜெயகாந்தனைப் போலவே பெருமாள்முருகனும் ஒரே கதைக்கு இரண்டு தொடர்ச்சி எழுதியிருக்கிறார். 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்ற அந்த 2 நாவல்களில் ஒன்றில் காளி உயிரோடு இல்லை, மற்றொன்றில் இருக்கிறான்.

80 வயதில் எழுந்து நடந்தவர்

ஹிந்தியில் கீதாஞ்சலி ஸ்ரீ எழுதிய 'ரேத் சமாதி' 2018இல் வந்தது. டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் அனைத்துலக புக்கர் பரிசை வென்றது. இந்திய மொழி நாவல் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை.

கணவர் இறந்தபின் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார் 80 வயது அம்மா. எழுந்திருக்கச் சொல்லி வீடே கெஞ்சுகிறது. ஒருநாள் அவரே எழுகிறார். மகன் வீட்டிலிருந்து கிளம்பி, தனியாக வாழும் மகளுடன் தங்குகிறார். ரோசி என்ற திருநங்கை அவருக்கு நெருங்கிய தோழி. கடைசியில் எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்கே போய்விடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியவர் மகள். தன்னை நவநாகரிகப் பெண் என்று நினைத்திருந்தவர் அவர். அம்மாவின் சுதந்திரத்தைப் பார்த்து அவருக்கே தடுமாற்றம் வருகிறது. 'இந்த வயசுல அம்மாவுக்கு இதெல்லாம் தேவையா?'

நம்மில் பலர் வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ பார்த்து மனத்துக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் அது. இளையர் எப்போதும் முற்போக்கு, மூத்தவர் எப்போதும் பழமை என்ற நம் கணக்கை நாவல் கலைத்துப் போடுகிறது.

அப்போ, என்னதான் மாறியிருக்கு?

- கேள்வி: 'அவள் தூய்மையானவளா?' என்று கேட்ட கதைகள் இப்போது 'அவளைக் கேள்வி கேட்க நீங்கள் யார்?' என்று கேட்கின்றன.
- சொல்பவர்: பெண்ணைப் பற்றி ஆண் எழுதிய நிலையோடு நிற்காமல், பல சாதி, சமயப் பின்னணியைச் சேர்ந்த பெண்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே எழுதுகின்றனர்.
- ஆண்: தீர்ப்புச் சொல்பவனாக மட்டும் இருந்தவன், அதே வழக்கத்தில் சிக்கித் தவிப்பவனாகவும் வருகிறான்.

மாறாதவையும் உண்டு. கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக் 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளில் 12 கதைகளின் தொகுப்பு 'ஹார்ட் லாம்ப்'. தீபா பாஸ்தி மொழிபெயர்த்த அந்த நூலுக்கு 2025ஆம் ஆண்டின் அனைத்துலக புக்கர் பரிசு கிடைத்தது.

அதன் தலைப்புக் கதையில், கணவன் வேறொரு பெண்ணை நாடியதால் மெஹருன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அவளைப் பெற்று வளர்த்த குடும்பமே திருப்பி அனுப்புகிறது. இனி வாழவே வேண்டாம் என்று முடிவெடுக்கும் கணத்தில் அவளைத் தடுத்து நிறுத்துவது அவளுடைய மகள்.

1966இல் மகளைக் காப்பாற்றினார் ஓர் அம்மா. இங்கே அம்மாவைக் காப்பாற்றுகிறாள் மகள். இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளிய குடும்ப மானம் இன்னும் போகவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று யோசிக்கிறீர்களா? 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதைதான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்த கையோடு உங்கள் அம்மாவிடமும் கொடுங்கள். அந்த அம்மாவின் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.